கருப்பனுக்குக் கூலி கொடுப்பது யார்?

வணக்கம். இப்போது கேட்கிறதே, அது எங்கள் பால்காரரின் சைக்கிள் மணி. முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்கு எங்கள் நாய் கருப்பன் கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துக்கொண்டு, முதுகு மயிர் சிலிர்க்க, தொண்டை கட்டும்வரை குரைப்பான். இன்று பாருங்கள், பின்கட்டில் சாக்கின்மேல் படுத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறான்.

"கண்டுகொள்ளாமல் விடு, தானாக அடங்கிவிடும்" என்றார்கள். நம் கவனத்துக்காகக் குரைக்கும் நாய்க்கு அது சரி. கருப்பன் குரைத்தது பால்காரரை விரட்ட. அவரோ பாலை ஊற்றிவிட்டு எப்படியும் அடுத்த வீட்டுக்குப் போகிறவர். கருப்பனின் கணக்கில் அது "குரைத்தேன், ஓடிவிட்டார்". நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் குரைப்புக்கான கூலி அவனுக்குத் தினமும் கிடைத்துவிடுகிறது.

அதனால் அந்த வாய்ப்பையே அடைத்தோம். கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்தோம். 6 மணிக்கே அவன் பின்கட்டில் இருப்பான், கதவு சாத்தியிருக்கும். மணி தெருமுனையில் மெல்லக் கேட்கும்போதே வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. அவன் உடம்பு விறைப்பதற்குள் அது வாய்க்குள் போயிருக்க வேண்டும்.

பதினெட்டாம் நாள், "ஒரு நாள்தானே, பாவம்" என்று அப்பா கதவைத் திறந்துவிட்டார். கருப்பன் பாய்ந்து போய்க் குரைத்தான், பால்காரர் போய்விட்டார். அடுத்த 4 நாள்கள் மணி கேட்டாலே கதவைப் பிறாண்டினான். ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட புறா ஆய்வுகளைப் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. கொத்தினால் எப்போதாவது மட்டும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். தூண்டில் போட்டவர் எழுந்து போகாததும் இதனால்தான். அடுத்த மீன் எப்போது சிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அப்பா இரக்கப்பட்டுத் திறந்த அந்த ஒரு காலை, கருப்பனுக்கு அப்படிச் சிக்கிய மீன். எனக்கு அவர்மேல் கோபமில்லை. விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் நான் முன்பே விளக்கியிருக்க வேண்டும்.

இப்போது யாருக்கு எந்த நாள் என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை பாட்டியின் முறை. விரத நாளில் அவர் ஈரலைத் தொடமாட்டார், அன்று மட்டும் கேரட்.

அடுத்த வாரம் கல்யாணத்துக்காக எல்லோரும் ஊருக்குப் போகிறோம். மாடி வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து 3 நாள்களாக ஒத்திகை பார்க்கிறோம். நாளை காலை 6 மணிக்குக் கருப்பனின் கயிறு அவர் கையில்தான்.