உமித்தீயும் கண்வலிக் கிழங்கும்

அனைவருக்கும் வணக்கம். காரை லெபோ பசார் தெருப் பக்கம் நிறுத்திவிட்டு இந்த மண்டபத்துக்கு நடந்தே வந்தேன். மசாலா கடை வாசலில் மஞ்சள், மிளகு, வெந்தயம் எல்லாம் மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வாசம் வந்ததுமே, இன்று எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று தெரிந்துவிட்டது.

நான் மருந்தாளுநர். முப்பது ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கவுண்டரில் நம் மக்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, இந்த மாத்திரையை விட்டுட்டு மஞ்சள் சாப்பிட்டா போதாதா?" வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. இன்று சொல்கிறேன். மஞ்சள் அடக்கும் என்று சொல்லப்படுவது அழற்சியை. முதலில் அது என்னவென்று பார்ப்போம்.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. உடலின் காவல் அணுக்கள் அங்கே ஓடி வந்து வேலை செய்கின்றன. நாலு நாளில் அடங்கிவிடும். இந்த அழற்சி வைக்கோல் தீ மாதிரி, சட்டென்று எரிந்து சட்டென்று அணைவது. நாள்பட்ட அழற்சி உமித்தீ. மேலே சாம்பல் மூடியிருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். முடக்குவாதத்தில் மூட்டை அரிப்பது அதுதான். இதயத்து ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு வெடிப்பதிலும், இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், முற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியர்களிடம் விகிதம் அதைவிடக் கூடுதல். ஆகவே இது நம் வீட்டுக் கதை.

சரி, மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை 1815-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் அதை ஊற்றினால், அழற்சிக்குச் சாவி கொடுக்கும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் அடங்குகிறது. இதை வைத்துத்தான் இத்தனை விளம்பரமும். ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டால், ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. மஞ்சள் தூளிலேயே குர்குமின் ஏறக்குறைய மூன்று விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டித் தூளில் நூறு மில்லிகிராம் இருந்தால் அதிகம். ஆய்வுகளில் கொடுப்பதோ ஒரு நாளைக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மில்லிகிராம்.

1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு கிராம் குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பிப்பெரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்ட பாட்டிகளை நினைத்து எனக்கு உண்மையாகவே பெருமை. ஆனால் அந்த மிளகுச்சத்து செய்யும் வேலையைக் கவனியுங்கள். அந்நியப் பொருள்களை வெளியேற்றும் நொதிகளின் கையை அது கட்டிப்போடுகிறது. நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மிளகுச்சத்தைச் செறிவாக விழுங்கினால் வலிப்பு மருந்தின் அளவுகூட ரத்தத்தில் ஏறிவிடலாம்.

பலன் இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் முட்டித் தேய்மானம் உள்ள 70 பேருக்குப் பன்னிரண்டு வாரம் மஞ்சள் சத்து மாத்திரை அல்லது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் ஸ்கேனில் பார்த்தபோது முட்டியின் நீர்கோத்த வீக்கம் குறையவில்லை. வலி தணிந்தது, கனல் அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சிலரின் மரபணு அமைப்பிலேயே அந்த ஆபத்து கூடுதலாக இருக்கிறது. குழம்பில் போடுகிற மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. அதைத் தாராளமாகப் போடுங்கள்.

அப்படியானால் செடியிலிருந்து வந்து அழற்சியை உண்மையிலேயே அடக்கும் மருந்து இல்லையா? இருக்கிறது. அதன் கதையை நம் ஆட்கள் யாரும் பேசாதது எனக்குத் தீராத ஆதங்கம்.

செங்காந்தள் பூவைத் தெரியும்தானே? தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். அதன் கிழங்குக்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அந்த விதையிலும் கிழங்கிலும் இருப்பது கொல்சிசின். செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை அது கலைத்துவிடும். வெள்ளை அணுக்களால் அணிவகுத்து ஓடிவர முடியாது. கவுட் என்ற மூட்டு நோய் வந்து கால் கட்டைவிரல் வெந்து போனவர்களுக்கு இந்த மாத்திரையின் அருமை தெரியும்.

2020-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இதயக் குழாய் நோயுள்ள 5,522 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கொல்சிசின் கொடுத்தார்கள். மருந்து சாப்பிடாத குழுவில் 9.6 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடுகள் வந்தன. சாப்பிட்ட குழுவில் 6.8. அதை நம்பி 2023-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதியும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த கையோடு மருந்தைத் தொடங்கிய ஏழாயிரம் பேரிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. இப்படிச் சோதித்துச் சோதித்து, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பிடிப்பதுதான் மருத்துவம். அதே கிழங்கை அரைத்துச் சாப்பிட்டால் உயிர் போகும். தமிழ்நாட்டில் அப்படிச் செத்தவர்கள் உண்டு. "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கிழங்குதான் ஞாபகத்துக்கு வரும்.

கடைசியாக ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு மூலிகை மாத்திரையைச் சாப்பிட்டார். மூன்றே நாளில் முட்டிவலி போய்விட்டது. சில மாதத்தில் முகம் உப்பிப் பௌர்ணமி நிலா மாதிரி ஆகி, இனிப்புநீரும் எகிறியது. எனக்குப் பார்த்த உடனேயே புரிந்தது. மூலிகை என்ற பெயரில், அழற்சியை வேகமாக அடக்கும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்கிறார்கள். நம் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை இதை அடிக்கடி பிடித்து எச்சரிக்கிறது. இதில் இன்னொரு கொடுமை, மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். நல்ல வேளை, அந்த அக்கா மாத்திரையைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக் கொண்டு வந்தார். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் போத்தலில் 'MAL' என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் 'T' எழுத்து வரும் எண் இருக்கும். அந்த எண்ணை முகமையின் இணையத்தளத்தில் போட்டால் பெயர் வர வேண்டும். வராவிட்டால் வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மஞ்சள் மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம், திட்டினால் என்னிடம் வாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த ஓர மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன். பையில் ஏதாவது போத்தல் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். எண்ணைச் சேர்ந்து பார்த்துவிடுவோம்.