ஒரே இரவில் எழுந்த பிரமிடு: உஷ்மாலின் குள்ளன் கதை

வணக்கம் நண்பர்களே! மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில், மெரிடா நகருக்குத் தெற்கே உள்ள உஷ்மாலில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவதுதான் மந்திரவாதியின் பிரமிடு. உயரம் சுமார் 35 மீட்டர். அதன் அடித்தளத்தைப் பாருங்கள், கூரான மூலையே கிடையாது. முட்டை வடிவில் வளைந்து போகிறது. இந்தப் பகுதியின் பழங்குடிகளான மாயா மக்கள் கட்டிய பிரமிடுகளில் இது மிகவும் அபூர்வம்.

இதற்கொரு கதை உண்டு. 1840-இல் இங்கே வந்த அமெரிக்கப் பயணி ஜான் லாய்ட் ஸ்டீஃபன்ஸ், உள்ளூர் மாயா ஒருவர் சொல்லக் கேட்டு எழுதிவைத்தது. பிள்ளையில்லாத கிழவி ஒருத்தி ஒரு முட்டையைத் துணியில் சுற்றி வைத்தாளாம். அதிலிருந்து பிறந்த பையன் வளராமல் குள்ளனாகவே நின்றுவிட்டான். அவனை அரசனோடு போட்டி போடச் சொல்லி அவளே அனுப்பிவைத்தாள். அரசன் வைத்த சோதனை எதிலும் குள்ளன் தோற்கவில்லை. ஆத்திரம் தாங்காத அரசன், "இந்த ஊரிலேயே உயரமான மாளிகையை இன்று இரவே கட்டு, இல்லையேல் உயிர் மிஞ்சாது" என்றான். விடிந்தபோது பிரமிடு நின்றது! முடிவில் அரசன் மாண்டான், குள்ளன் அரியணை ஏறினான்.

உண்மையில் இது பல நூற்றாண்டு உழைப்பு. பழைய கோயிலை உள்ளே வைத்து மேலே புதியது எழுப்பி, ஐந்து கட்டங்களாக வளர்த்திருக்கிறார்கள்.

பெரும்பாலோர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ இதன் வால்பகுதிதான் முக்கியம். அந்தக் கிழவி மானி என்ற ஊரில், பூமிக்கடியில் ஓடும் ஆற்றங்கரையில் பாம்போடு உட்கார்ந்திருக்கிறாளாம். தண்ணீர் தருவாள், கொஞ்சமாக. விலை பணமல்ல, பாம்புக்கு இரையாக ஒரு பச்சைக் குழந்தை!

தண்ணீருக்கு இப்படியொரு விலையா? இந்தப் பூக் மலைப்பகுதியில் ஆறு இல்லை, சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே நிலத்தடி நீரும் வெகு ஆழம். மழை பொய்த்தால் பிழைப்பே இல்லை. அதனால்தான் சுவரெங்கும் மழைக்கடவுள் சாக்கின் முகம். கிட்டே காட்டுகிறேன், பாருங்கள்: கண், பல், வளைந்த நீண்ட மூக்கு, ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லாகச் செதுக்கிப் பொருத்தியது. மூக்குகள் பல உடைந்துவிட்டன.

மழைநீரைச் சேமிக்க அவர்கள் வெட்டிய நிலத்தடித் தொட்டிதான் சுல்தூன். வாய் குறுகல், வயிறு அகலம், உட்புறம் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. சுற்றியுள்ள தளத்தைச் சரிவாக அமைத்து, விழும் மழையை அதற்குள் இறக்கினார்கள். நுழைவாயில் பக்கமே ஒன்று இருக்கிறது. பிரமிடைப் படமெடுக்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.