டகோமா பையன்கள் போட்ட சத்தம்: தி சோனிக்ஸ்

[திரையில்: சுழலும் இசைத்தட்டு. டிரம்ஸ் மட்டும் கேட்கிறது.]

இந்த அடியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். தி சோனிக்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆல்பம், 1965-இல் வந்தது. டேப்பில் இரண்டே டிராக், அதாவது ஒலி பதிய இரண்டே தடம். டிரம்ஸுக்கு ஒரே ஒரு மைக். அடிப்பவர் பாப் பென்னட். பல வருடம் கழித்து நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன், தனக்கு மிகவும் பிடித்த டிரம்ஸ் சத்தம் இதுதான் என்றார். எனக்கும் இதுதான்.

ஊர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா. பக்கத்திலேயே விமானப்படைத் தளம். ஒலியை மிஞ்சிப் பறக்கும் ஜெட் விமானங்கள் வானத்தில் போடும் 'சோனிக் பூம்' என்ற வெடிச்சத்தம்தான் 'சோனிக்ஸ்' என்ற பெயருக்குக் காரணம்.

1960-இல் கிட்டார் வாசிக்கும் லாரி பரைபா ஆரம்பித்த குழு இது. அண்ணன் தம்பியெல்லாம் சேர்ந்த வீட்டுக் குழு. ஒத்திகைக்கு பேஸ் கிட்டார் ஆள் வராவிட்டால், சில நாள் அம்மாவே எடுத்து வாசிப்பாராம்! அப்புறம் ஜெரி ராஸ்லி பாட வந்தார். பாட என்றா சொன்னேன்? தொண்டை கிழியக் கத்த வந்தார். அங்கிருந்துதான் எல்லாம் மாறியது.

அதே ஊரின் மூத்த குழுவான தி வெய்லர்ஸ், எட்டிக்கெட் என்று சொந்தமாக ஒரு ரெக்கார்ட் கம்பெனி நடத்தியது. 1964-இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட சோனிக்ஸின் 'தி விட்ச்' பாட்டு அந்த வட்டாரத்தையே கலக்கியது. மற்ற குழுக்கள் காதலியின் கையைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் சூனியக்காரியையும் பைத்தியத்தையும் விஷத்தையும் பாடினார்கள். ஆனால் தேசிய அளவில் பெரிய ஹிட் ஒன்றுகூட அமையவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

[திரையில்: முட்டை அட்டை ஒட்டிய சுவர்]

1966-இல் இரண்டாவது ஆல்பம், 'பூம்'. பதிவு செய்த இடம், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுக்காரர்கள் வந்துபோகும் டகோமா ஸ்டுடியோ. எதிரொலியை அடக்க சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளை இவர்கள் பிய்த்து எறிந்தார்கள். சத்தம் அடங்கக் கூடாது, சுவரில் மோதித் திரும்ப வேண்டும். கரகரப்பு வேண்டுமென்று கிட்டார்காரர் லாரி பரைபா, ஸ்பீக்கர்களையே குத்தி ஓட்டை போட்டார். பிசிறை மற்றவர்கள் துடைத்தார்கள், இவர்கள் தேடிப் போய் உண்டாக்கினார்கள்.

சில வருடங்களில் குழு கலைந்தது. சாக்ஸபோன் வாசித்த ராப் லிண்ட் போர் விமானியானார்.

சரி, அதோடு முடிந்ததா? 2007-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மறுபடி மேடை ஏறினார்கள், ராஸ்லியின் அதே கத்தலோடு. 2015-இல் புது ஆல்பம். எத்தனை டிராக் வேண்டுமானாலும் கிடைக்கும் காலம். அவர்கள் அதை மோனோவில்தான், அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் வரும்படிதான், பதிந்தார்கள்.