இராக் போர்: கேட்காமல் விட்ட கேள்வி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

2003ல் அமெரிக்கா இராக்கின் மேல் தொடுத்த போரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அது பொய் சொல்லித் தொடங்கிய போர் என்பதுதான் ஊருக்கே தெரியுமே, இன்னும் அதில் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்றார்கள், நாட்டைப் பிடித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சரி, அது ஒரு கதை. அதோடு சேர்த்து இன்னொரு கதையும் சொன்னார்கள். அது பணத்தைப் பற்றியது. போருக்குப் பெரிதாகச் செலவாகாது, இராக்கின் எண்ணெய் வருமானத்திலேயே இராக்கைச் சீரமைத்துவிடலாம், சந்தையைத் திறந்துவிட்டால் நாடு தானே நிமிர்ந்துவிடும் என்றார்கள். முதல் கதையை நம்பாமல் 2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள். லண்டனில் மட்டும் பத்து லட்சம் பேர் அளவுக்குத் திரண்டார்கள். இரண்டாவது கதையை அந்த அளவுக்கு யாரும் துருவிக் கேட்கவில்லை. இராக் மக்களை இன்றுவரை விடாமல் துரத்துவது அந்த இரண்டாவது கதைதான் என்று நான் நினைக்கிறேன்.

முதல் கதை எப்படி உருவானது என்பதை ஒரே ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடலாம்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. இராக் ஆயிரக்கணக்கில் அலுமினியக் குழாய்களை வாங்க முயல்கிறது, அவை யுரேனியத்தைச் செறிவூட்டும் கருவிகளுக்குத்தான் என்று அமெரிக்க அதிகாரிகள் நம்புகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்த அதிகாரிகள்? பெயர் இல்லை. அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சிப் பேட்டியில் அந்தச் செய்தியை எடுத்துக்காட்டினார். அரசாங்கத்துக்குள்ளிருந்து கசியவிட்ட தகவல் பத்திரிகையில் அச்சாகி, அரசாங்கத்துக்கே சாட்சி சொல்ல வந்தது. ஒரே நாளில் இந்தச் சுற்று முடிந்துவிட்டது.

அந்தக் குழாயின் விட்டம் 81 மில்லிமீட்டர். இராக் ராணுவம் பல வருடங்களாக வைத்திருந்த சிறு ராக்கெட்டுகளுக்கும் அதே அளவுதான். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள் 2001லேயே, இவை அணுசக்தி வேலைக்குப் பொருத்தமானவை அல்ல, ராக்கெட்டுக்கு வாங்கியதாகவே தெரிகிறது என்று எழுதிவைத்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமையும் 2003 ஜனவரியில் ஏறக்குறைய இதையே சொன்னது. அதற்குப் பிறகும் பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதே குழாய்களைப் பற்றிப் பேசினார். லாரியில் வைத்து ஓட்டும் உயிரி ஆயுதக் கூடங்களைப் பற்றியும் பேசினார். அந்த லாரிக் கதையைச் சொன்னவர் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் இராக்கியர். அமெரிக்க உளவுத்துறை வைத்திருந்த சங்கேதப் பெயர் 'கர்வ்பால்'. ஜெர்மானியர்கள் அவரை அமெரிக்கர்கள் நேரில் விசாரிக்கவே விடவில்லை. சொன்னதெல்லாம் தான் கட்டிய கதை என்று 2011ல் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்போது யாருமே கேள்வி கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். நைட் ரிட்டர் என்ற செய்தி நிறுவனத்தில் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் என்று இரண்டு நிருபர்கள் இருந்தார்கள். அமைச்சர்களையும் ஆலோசகர்களையும் சுற்றாமல், கோப்புகளைக் கையில் வைத்திருந்த இடைநிலை அதிகாரிகளிடம் போய்ப் பேசினார்கள். சொல்லப்படுவதற்கும் கையில் இருக்கும் ஆதாரத்துக்கும் ஒட்டவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ சொந்தப் பத்திரிகை கிடையாது. அதனால் முடிவெடுப்பவர்களின் மேசைக்கு அந்தச் செய்திகள் போகவில்லை. வாஷிங்டன் போஸ்டிலும் வால்டர் பிங்கஸ் என்ற அனுபவசாலி, ஆதாரம் போதாது என்று எழுதினார். போர் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில் அந்தச் செய்தி 17ஆம் பக்கத்தில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் குறை இருந்ததை 2004 மே மாதம் ஒப்புக்கொண்டு எழுதியது. அதற்குள் பாக்தாத் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் பத்திரிகைகள் எல்லாமே பொய் சொல்கின்றன என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உண்மை அச்சிலேயே இருந்தது. எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் விஷயம்.

இனி பணத்துக்கு வருகிறேன்.

2002 செப்டம்பரில் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று ஒரு பேட்டியில் சொன்னார். வெள்ளை மாளிகைக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவெல்லாம் ஆகாது, 5,000 அல்லது 6,000 கோடியில் முடியும் என்று நிதிநிலை இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் கணக்குக் கொடுத்தார். டிசம்பரில் லிண்ட்சே பதவியை விட்டுப் போக நேர்ந்தது. போர் தொடங்கி ஒரு வாரம் ஆனபோது பாதுகாப்புத் துறை துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ், இராக் தன் சீரமைப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய நாடு, அதுவும் சீக்கிரமே, என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர், அமெரிக்க வரிப்பணத்தில் இதற்கு 170 கோடி டாலர்தான், அதற்கு மேல் கிடையாது என்று தொலைக்காட்சியில் உறுதி கொடுத்தார்.

2011 வாக்கில் இராக் போருக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை மட்டும் 80,000 கோடி டாலர் ஆகியிருந்தது. காயப்பட்ட வீரர்களின் ஆயுட்கால மருத்துவம், கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் சேர்த்தால் 3 லட்சம் கோடி டாலர் வரும் என்று பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008லேயே மதிப்பிட்டார்கள். பதவியை இழந்த லிண்ட்சேயின் கணக்கே ரொம்பக் குறைவு என்று ஆகிவிட்டது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கடனாக வாங்கினார்கள். கொரியப் போரின்போது அமெரிக்கா வரியை உயர்த்தியது. வியட்நாம் போரின்போதும் 1968ல் வருமான வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டது. இராக் போர் நடந்துகொண்டிருந்த 2003 மே மாதமோ புஷ் ஏறத்தாழ 35,000 கோடி டாலர் மதிப்புள்ள வரிக்குறைப்பில் கையெழுத்திட்டார். சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் சம்பளத்திலிருந்து இந்தப் போருக்கென்று ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் பிடிக்கப்படவில்லை. கையிலிருந்து காசு போகாதபோது யார் கணக்குக் கேட்பார்கள்? அந்தக் கேள்வி எழாமல் போனதற்கு இதையே முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன்.

அமெரிக்காவுக்குக் கடன் சுமை. இராக்குக்கு என்ன ஆனது?

2003 மே மாதம் பால் பிரெமர், இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய அதிகாரியாக பாக்தாதுக்கு வந்தார். அவர் போட்ட இரண்டாவது உத்தரவு இராக் ராணுவத்தைக் கலைத்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. அவர்களுக்கு ஆயுதம் பிடிக்கத் தெரியும், வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், சம்பளம் இல்லை. அதன் விளைவு உலகம் அறிந்ததுதான், அதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. அதிகம் பேசப்படாதது செப்டம்பரில் வந்த 39ஆம் உத்தரவு. எண்ணெய் போன்ற இயற்கை வளங்கள், வங்கி, காப்பீடு தவிர மற்றத் துறைகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் நூறு சதவீதம் சொந்தம் கொண்டாடலாம், லாபம் முழுவதையும் வெளியே கொண்டுபோகலாம் என்றது அது. வருமான வரி அதிகபட்சம் 15 சதவீதம் என்று இன்னொரு உத்தரவு. இறக்குமதித் தீர்வைகளை முன்பே நிறுத்திவைத்துவிட்டார்கள். இராக்கில் ஒருவர்கூட வாக்களிக்காமல் வந்த சட்டங்கள் இவை. ஆக்கிரமித்த நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்பது 1907 ஹேக் விதிமுறையில் உள்ள நிபந்தனை. பெரிய பொருளாதார மாற்றங்களைத் திணிக்கச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை என்று பிரிட்டனின் அரசுத் தலைமை வழக்கறிஞரே 2003 மார்ச்சில் பிரதமர் டோனி பிளேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

இராக்கில் அப்போது ஏறத்தாழ 190 அரசு நிறுவனங்கள் இருந்தன. சிமென்ட், துணி, உரம், பேருந்து என்று பலவும் செய்தவை. அவற்றை விற்க நினைத்தார்கள், வாங்க ஆள் இல்லை. நிதியும் கிடைக்காமல், மின்சாரமும் இல்லாமல், வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் பல ஆலைகள் நின்றுபோயின. கடைசியில் 2006ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனே ஒரு குழுவை அமைத்து, நின்றுபோன ஆலைகளை மறுபடி ஓட்ட முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. வேலை இல்லாத இளைஞர்கள் துப்பாக்கி ஏந்துகிறார்கள் என்பதை அந்த நேரத்தில் அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நமக்கு நன்றாகப் புரிகிற ஒன்றைச் சொல்கிறேன். இராக்கில் ரேஷன் இருந்தது. 1990ல் ஐ.நா.வின் பொருளாதாரத் தடை வந்ததும் தொடங்கியது. மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய், பருப்பு, சோப்பு, கைக்குழந்தைக்குப் பால் மாவு எல்லாம் மாதா மாதம் கிடைக்கும். தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவரே முகவர், அவருக்கு எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரியும். மக்களில் சுமார் 60 சதவீதம் பேர் முழுக்க அதை நம்பியே இருந்தார்கள். பிரெமரின் ஆட்கள் இதையும் நிறுத்திவிட்டுக் கையில் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். குண்டு வெடிக்கும் ஊரில், விலை எப்போது ஏறும் என்று தெரியாத சந்தையில், அரிசிக்குப் பதில் காசு. நல்லவேளை, அந்தத் திட்டம் நடக்கவில்லை. ரேஷன் அட்டையோடு வாழ்ந்து பழகிய நம் ஊரில் எவரிடம் கேட்டிருந்தாலும் அது சரிவராது என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்து, ரொக்கம். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 1,200 கோடி டாலர், பெரும்பாலும் நூறு டாலர் நோட்டுகளாக, பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, ராணுவ விமானங்களில் பாக்தாதுக்குப் போனது. மொத்த எடை 360 டன்னுக்கு மேல். அமெரிக்க வரிப்பணம் இல்லை அது, இராக்கின் எண்ணெய்ப் பணமும் முடக்கிவைத்திருந்த இராக் சொத்துகளும்தான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள், அப்படித்தான் செலவானது. இராக் அமைச்சகங்களுக்குக் கொடுத்ததில் 880 கோடி டாலர் எப்படிச் செலவானது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்று அமெரிக்காவின் சிறப்புத் தணிக்கை அதிகாரி ஸ்டூவர்ட் போவன் 2005 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் நாடு என்று உல்ஃபோவிட்ஸ் சொன்ன நாட்டின் பணம் இது.

அமெரிக்கா சொன்னதை மட்டும் சந்தேகித்துவிட்டு, போரை எதிர்த்தவர்கள் சொன்ன எண்களை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையாகாது. பொருளாதாரத் தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று தொண்ணூறுகளில் மேடைக்கு மேடை சொல்லப்பட்டது. தடை மக்களை வாட்டியது உண்மை. தினார் செல்லாக்காசானது, ஆசிரியர் சம்பளம் ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் காணவில்லை, மருந்து கிடைக்கவில்லை. இந்தக் கொடுமையைக் கண்டிக்க ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998ல் பதவி விலகினார். ஆனால் அந்த எண்ணுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 1999ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சதாம் அரசு கைவைத்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. 2003க்குப் பிறகு நடந்த கணக்கெடுப்புகள் எதிலும் அப்படியொரு உயர்வு தென்படவில்லை. இதில் என்னை மிகவும் உறுத்துவது, டோனி பிளேர் 2010ல் இராக் போரைப் பற்றிய பிரிட்டனின் விசாரணைக் குழு முன்னால் போரின் நன்மைக்குச் சாட்சியாக இதே கணக்கெடுப்பின் குழந்தை இறப்பு விகிதத்தைக் காட்டினார் என்பது. எதிர்த்தவர்களும் நடத்தியவர்களும் ஒரே பொய் எண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இராக் குவைத்தைப் பிடித்த 1990லும் இதேபோல ஒன்று நடந்தது. இராக்கியப் படையினர் குவைத் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து வெளியே போட்டார்கள் என்று 15 வயதுப் பெண் ஒருவர் வாஷிங்டனில் அழுதபடி சாட்சி சொன்னார். அவர் குவைத் தூதரின் மகள் என்பதும், ஒரு விளம்பர நிறுவனம் அந்தச் சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது என்பதும் 1991 வளைகுடாப் போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. அந்தப் போரின் செலவில் ஒரு பங்கு நம் தலையிலும் விழுந்தது. எண்ணெய் விலை ஏறியது, குவைத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் உடுத்திய துணியோடு திரும்பினார்கள், அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. 1991ல் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. அந்த நெருக்கடிக்கு உள்நாட்டுக் காரணங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாராளமயம் வந்த கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் போரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2003க்கே திரும்புகிறேன். அந்த வருடம் மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1483ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன்படி இராக்கின் எண்ணெய் ஏற்றுமதிப் பணம் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குக்குப் போகத் தொடங்கியது. இராக்கின் சொத்துகளைப் பாதுகாப்பதற்காக என்று அன்றே புஷ் ஓர் ஆணையும் போட்டார். 2011ல் அமெரிக்கப் படை கிளம்பியது. பணம் போகும் வழி மட்டும் மாறவில்லை. அந்த ஆணையை புஷ்ஷுக்குப் பின் வந்த அதிபர்களும் ஆண்டுதோறும் மே மாதம் நீட்டித்து வந்தார்கள். 2020 ஜனவரியில், இடையில் திரும்பி வந்திருந்த அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்று இராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது, அந்தக் கணக்கைத் தொட முடியாமல் போகலாம் என்று வாஷிங்டன் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. 2022 கடைசியில் நியூயார்க் வங்கி டாலர் பரிமாற்றங்களுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. டாலர் கடத்தலைத் தடுக்க என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் தினாரின் மதிப்பு மளமளவென்று சரிந்து, மாவும் சமையல் எண்ணெயும் விலை ஏறின. 2023 ஜனவரியில் இராக்கின் பிரதமர் மத்திய வங்கி ஆளுநரை மாற்றினார். அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் பாக்தாதில் அந்த வங்கியின் முன்னால் கூடி, தினாரின் சரிவை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பு ஏன் வேறொரு நாட்டில் முடிவாகிறது?

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள்.