விமான நிலையத்தின் இரண்டாவது பெயர்

(கறுப்பினத்தவரின் தொழில்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் உதவுவது பற்றி அட்லாண்டாவில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சனிக்கிழமை மாலையை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் ஊர் விமான நிலையத்துக்கு ஹார்ட்ஸ்ஃபீல்ட்-ஜாக்சன் என்று பெயர். இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வரும்போதெல்லாம் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போய்த்தான் அழைத்துவருகிறோம். ஹார்ட்ஸ்ஃபீல்ட் பழைய காலத்து மேயர். ஜாக்சன் யார் என்று நம் நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "மைக்கேல் ஜாக்சனா?" என்றார். அவர் இந்த அவையில்தான் உட்கார்ந்திருக்கிறார், காட்டிக்கொடுக்க மாட்டேன்.

மேனார்ட் ஜாக்சன் 1973 தேர்தலில் வென்று அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராக வந்தவர். அவர் பதவியேற்றபோது ஊரில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். நகராட்சி கொடுத்த ஒப்பந்தங்களில் அவர்களுடைய நிறுவனங்களுக்குக் கிடைத்ததோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சாலைக்கு வரி கட்டுவார்கள். சாலை போடும் வேலை அவர்கள் பக்கம் வராது. அந்தச் சமயத்தில்தான் சுமார் 50 கோடி டாலர் செலவில் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் கட்டும் திட்டம் வந்தது. வேலையில் நாலில் ஒரு பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும், பெரிய கம்பெனிகள் அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு வரட்டும் என்று ஜாக்சன் நிபந்தனை போட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். தகுதியான ஆள் கிடைக்காது, செலவு ஏறும், கட்டடம் இழுத்துக்கொண்டே போகும் என்றார்கள். அப்படியானால் ஓடுபாதையில் புல் முளைக்கட்டும் என்று மேயர் பதில் சொன்னதாக இந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். 1980 செப்டம்பரில் முனையம் திறந்தது. குறித்த காலத்தில், குறித்த செலவுக்குள். அதைக் கட்டிய நிறுவனங்களில் ஒன்று ஹெர்மன் ரஸ்ஸல் என்ற கறுப்பின ஒப்பந்தக்காரருடையது.

உதவி என்றவுடன் நமக்குக் காசோலை எழுதுவதுதான் நினைவுக்கு வருகிறது. கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் எப்படி உதவுவது என்று பேச என்னை அழைத்தபோதும் நன்கொடைப் பட்டியல் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் அனுபவம் வேறு. இங்கே வேலை கொடுத்ததுதான் அதிகம் பேரை நிமிர்த்தியது. அடுத்தது, பணத்தை அவர்கள் வங்கியில் வைத்தது. நன்கொடை மூன்றாவதுதான், அதுவும் எப்படிச் செலவழிப்பது என்ற முடிவை வாங்கியவரிடமே விட்டபோதுதான் பயன்பட்டது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரத்துக்கு உதாரணங்கள் வைத்திருக்கிறேன்.

பாஸ்கல்ஸ் உணவகத்தில் பொரித்த கோழி சாப்பிட்டிருப்பீர்கள். விமான நிலையத்திலும் அதன் கடை உண்டு. ஜேம்ஸ், ராபர்ட் என்ற இரண்டு சகோதரர்கள் 1947இல் ஹன்டர் தெருவில் சிறிய சிற்றுண்டிக் கடையாகத் தொடங்கியது அது. அந்தத் தெருவுக்கு இன்று மார்ட்டின் லூதர் கிங் பெயர். கிங்கும் அவருடைய தோழர்களும் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் பல போராட்டங்களைத் திட்டமிட்டார்கள். கைதான மாணவர்களுக்கு ஜாமீன் கட்டியதும், பிள்ளை எப்போது வெளியே வருவான் என்று காத்திருந்த பெற்றோருக்காக இரவில் நெடுநேரம் கடையைத் திறந்து வைத்து இலவசமாகச் சாப்பாடு போட்டதும் அந்தச் சகோதரர்கள்தான். பிறகு ஜாக்சன் காலத்தில் விமான நிலைய உணவகங்களை நடத்தும் உரிமையில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

இதில் எது தொழில், எது தொண்டு? கோடு போட்டுப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அலபாமாவின் மான்ட்கோமரியில் 1955 டிசம்பரில் பஸ்களில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவர் பஸ் புறக்கணிப்பு தொடங்கியபோது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் கோழியும் விற்று, வந்த காசைப் போராட்டக்காரர்களின் வண்டிச் செலவுக்குக் கொடுத்தார். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக கில்மோருக்கே வேலை போனது. பிறகு கிங்கின் உதவியோடு வீட்டிலேயே சமையல் தொழில் தொடங்கினார். வெள்ளையர் முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஆள் ஊரில் இருந்தால்தான் போராட முடியும் என்ற நிலை. கறுப்பினத்தவர் கடை ஒன்று மூடினால் அதோடு தேவாலயத்தின் நிதியும் மாணவர் உதவித்தொகையும் சுருங்கும். கடையில் வாங்குவதையும் தொண்டு அமைப்புக்குக் கொடுப்பதையும் ஒரே கூட்டத்தில் பேச வைத்திருக்கிறீர்களே, சரியான யோசனை.

இன்னும் பின்னால் போவோம். அலோன்சோ ஹெர்ண்டன் 1858இல் இதே ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் கற்றுக்கொண்டு பீச்ட்ரீ தெருவில் பளிங்கும் சரவிளக்குமாகப் பெரிய கடை வைத்தார். வாடிக்கையாளர்கள் வெள்ளையர் மட்டும், காலம் அப்படி. அப்போது கறுப்பினப் போதகர்கள் சேர்ந்து, சாவுச் செலவுக்காக வாரம் சில காசு வசூலிக்கும் சங்கம் ஒன்றை நடத்திவந்தார்கள். 1905இல், இப்படிப்பட்ட சங்கங்கள் 5,000 டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்தது. போதகர்களிடம் அவ்வளவு பணம் ஏது? ஹெர்ண்டன் அந்தச் சங்கத்தை 140 டாலருக்கு வாங்கிப் பிணைத்தொகையைக் கட்டினார். அதுதான் வளர்ந்து அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனமாக ஆயிற்று. சங்கத்தில் ஆள் இருந்தார்கள், நம்பிக்கை இருந்தது, வாராவாரம் காசும் வந்தது. குறுக்கே நின்றது அந்த 5,000 டாலர். இன்றும் பல இடங்களில் கதை இதுதான். தொகை மட்டும் மாறியிருக்கிறது.

"அவர்கள் ஏன் சேமிக்கவில்லை?" என்று நம் வீட்டு விருந்துகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நண்பர்களே, சேமித்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். பருத்திக் கூலியையும் படைவீரர் சம்பளத்தையும் அதில் போட்டார்கள். விளம்பரத்தில் லிங்கன் படத்தைப் பார்த்து அரசாங்கமே உத்தரவாதம் என்று நம்பினார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. மேலே இருந்த வெள்ளை நிர்வாகிகள் அந்தப் பணத்தைத் தமக்கு வேண்டியவர்களுக்கும் ரயில்வே ஊக வியாபாரத்துக்கும் கடனாக விட்டார்கள். 1874இல் வங்கி படுத்தபோது 60,000க்கும் மேற்பட்டவர்களுடைய ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கியது. பலருக்கு ஒரு பகுதிதான் திரும்பியது. நிறையப் பேருக்கு ஒன்றுமே இல்லை. கடைசி மாதங்களில் தலைவராகக் கொண்டுவந்து உட்கார வைத்தது யாரை? அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸை. அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். மூழ்கிய பிறகு பழி அவர் தலையில்.

அது பழங்கதை என்பீர்கள். 2022ஆம் ஆண்டு மத்திய வங்கியின் கணக்கெடுப்பைப் பாருங்கள். சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2 லட்சத்து 85 ஆயிரம் டாலர். அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. தொழில் தொடங்குபவர் முதலில் வங்கிக்குப் போவதில்லை. நம்மவர் ஒருவர் பெட்ரோல் நிலையம் எடுக்கும்போது மச்சானிடம் கொஞ்சம், சித்தப்பாவிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கி முன்பணம் கட்டுகிறார். சித்தப்பாவிடமும் பணம் இல்லாவிட்டால்? திறமை குறைவு என்று ஒதுக்கப்படும் பல விண்ணப்பங்களில் உண்மையில் குறைவது அந்தச் சித்தப்பாதான்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமெல்லாம் இந்த நாட்டுக்கு வரக் கதவு திறந்த குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. கறுப்பினத்தவர் ரத்தம் சிந்தி வாங்கிய வாக்குரிமைச் சட்டமும் அதே ஆண்டுதான். அது தற்செயல் அன்று. பின்தங்கியவர்களின் தொழில்களுக்கு மத்திய அரசின் ஒப்பந்தங்களை ஒதுக்கும் 8(ஏ) திட்டமும் கறுப்பினத்தவர் போராட்டங்களின் விளைவு. 1982இல் இந்திய வம்சாவளியினர் விண்ணப்பித்து அந்தப் பட்டியலில் இடம் பெற்றார்கள். அந்த வரிசையில் நின்று நம் சமூகத்தார் பலர் முன்னேறினார்கள். தவறில்லை. ஆனால் வரிசையை உருவாக்கியவர் யார் என்பதை மறந்துவிட்டு, அதை எடுத்துவிடலாம் என்று பேசுபவர்களோடு சேர்ந்து கைதட்டுவது எனக்கு உவப்பில்லை.

எடுத்துவிடும் வேலை நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அட்லாண்டா நிறுவனம் கறுப்பினப் பெண்களின் சிறுதொழில்களுக்குப் போட்டி வைத்து 20,000 டாலர் பரிசுத்தொகை கொடுத்துவந்தது. 2023 ஆகஸ்டில் எட்வர்ட் பிளம் நடத்தும் அமைப்பு வழக்குப் போட்டது. அவர்தான் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம்வரை போய் அதே ஆண்டு ஜூனில் வென்ற அமைப்பையும் நடத்துபவர். அந்தத் தீர்ப்புக்கு நம் வீடுகள் சிலவற்றில் இனிப்புக்கூட வழங்கப்பட்டது. இப்போது அவர் கையில் எடுத்த சட்டம் 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். வெள்ளையருக்கு உள்ளதுபோல் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று, நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களுக்காக, குடியரசுத் தலைவர் மறுத்த பிறகும் மீண்டும் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம் அது. அதை வைத்தே கறுப்பினப் பெண்களுக்கான பரிசை நிறுத்தலாம் என்று 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. செப்டம்பரில் சமரசம், போட்டி மூடப்பட்டது. தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்கள் பேசட்டும். எனக்கு அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

போட்டியும் ஒதுக்கீடும் வழக்கில் மாட்டலாம். நீங்கள் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், எந்த வங்கியில் பணம் வைக்கிறீர்கள் என்பதற்கு யாரும் வழக்குப் போட முடியாது.

வங்கியைச் சொல்கிறேன். சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி 1921இல் ஆபர்ன் அவென்யூவில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. 2016 ஜூலையில் கில்லர் மைக் என்ற நம்மூர் ராப் பாடகர் கேட்டுக்கொண்டதும் சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கணக்குத் திறந்தார்கள். வாழ்த்துகள். ஆனால் 100 டாலர் கணக்கு ஆயிரம் வந்தால் வங்கிக்கு முதலில் கூடுவது எழுத்து வேலை. கடன் கொடுக்கப் பயன்படுவது அசையாமல் கிடக்கும் தொகை. சங்கத்தின் கட்டட நிதியைப் போன்றது. நம் பணம் அங்கே பத்திரமா என்று பொருளாளர் கேட்பார்: எந்தப் பெரிய வங்கியிலும் உள்ள அதே மத்திய அரசுக் காப்பீடு, அதே 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரம்பு.

சரி, தொண்டு அமைப்புகள். புதிய சமூகத் தொண்டு முயற்சிகளுக்கு நிதி கொடுக்கும் எக்கோயிங் கிரீன், தொண்டு அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பேன் என்ற இரண்டு அமைப்புகள் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. எக்கோயிங் கிரீனுக்கு விண்ணப்பித்தவர்களில் மேல்தட்டில் தேறியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் தலைமையில் இயங்கும் அமைப்புகளின் வருமானம் வெள்ளையர் தலைமையிலானவற்றைவிடச் சராசரியாக 24 சதவீதம் குறைவு. அதைவிட எனக்கு உறுத்தியது அடுத்த எண்: எதற்கு வேண்டுமானாலும் எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 76 சதவீதம் குறைவு. அதாவது பணம் கொடுக்கும்போதே, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

முடிச்சுப் போட்ட பணம் என்ன செய்யும் தெரியுமா? மாலை வகுப்புக்கு என்று கொடுத்தால் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கலாம். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாடகையைக் கட்ட முடியாது, கணக்கருக்குச் சம்பளம் போட முடியாது. கணக்கர் இல்லாததால் அறிக்கை தாமதமாகும். அறிக்கை தாமதமானதால் அடுத்த ஆண்டு, "நிர்வாகத் திறன் போதாது" என்று கடிதம் வரும். அரசு மானியம் இன்னும் வேடிக்கை: முதலில் நீங்கள் செலவு செய்துவிட்டுப் பில்லை அனுப்ப வேண்டும், மாதங்கள் கழித்துப் பணம் வரும். கையிருப்பு உள்ள பெரிய அமைப்பு தாங்கும். இல்லாத அமைப்பின் தலைவி தன் கடன் அட்டையைத் தேய்த்து ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பார், அல்லது மானியமே வேண்டாம் என்று விட்டுவிடுவார்.

பெரும் செல்வந்தரான மெக்கன்சி ஸ்காட் 2020இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு 4 கோடி டாலர், டெக்சாசின் பிரெய்ரி வியூவுக்கு 5 கோடி என்று வரலாற்றுச் சிறப்புமிக்க கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கொடுத்தபோது நிபந்தனை எதையும் வைக்கவில்லை. அதுதான் முறை. நம்மிடம் கோடிகள் இல்லை என்பதால் முறை மாறிவிடாது.

கணக்குக் கேட்கக் கூடாதா என்றால், கேளுங்கள். 2020இல், கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையை எதிர்க்கும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் அமைப்புக்கு 9 கோடி டாலர் குவிந்தது. அதில் 60 லட்சத்துக்குக் கலிபோர்னியாவில் வீடு வாங்கியது வெளியே வந்து நாறியது. அதன் உள்ளூர்க் கிளைகளே எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டன. புகழ்பெற்ற ஒரே பெயரைத் தேடி எல்லோரும் பணம் அனுப்பியதில் நேர்ந்தது அது. நாலு தெரு தள்ளி இருக்கும் அமைப்புக்குக் கொடுத்திருந்தால் நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் நம் கோயில் கமிட்டியிடம் கேட்காத கேள்வியை அவர்களிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

நாடு முழுதும் கிளைகள் உள்ள டார்கெட் கடை பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2021இல், கறுப்பினத்தவர் நிறுவனங்களோடு 200 கோடி டாலருக்கு வணிகம் செய்வோம் என்றது. 2025 ஜனவரியில் தன் பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டது. நம் பக்கத்து ஸ்டோன்கிரெஸ்ட் தேவாலயத்தின் போதகர் ஜமால் பிரையன்ட் 40 நாள் புறக்கணிப்பு அறிவித்தார். அப்போது அந்தக் கடை அலமாரிகளில் பொருள் வைத்திருந்த கறுப்பினத் தொழில்முனைவோர் சிலரே தயங்கினார்கள்: சரக்கு தேங்கினால் அடிபடுவது நாங்களும்தானே? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் செய்வது, பிடித்த பொருளின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்பவரிடமிருந்தே நேராக வாங்குவது. தபால் செலவு கூடும்.

வேலை செய்யும் கம்பெனி உங்கள் நன்கொடைக்குச் சமமாகத் தானும் கொடுக்குமா என்று திங்கட்கிழமை கேளுங்கள். நிறைய நிறுவனங்களில் அந்தத் தொகை யாரும் கேட்காமலே டிசம்பரில் காலாவதியாகிறது. நன்கொடைப் படிவத்தில் எதற்காக என்று ஒரு கட்டம் இருக்கும். பொதுச் செலவுக்கு என்று எழுதுங்கள். முடிந்தால் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து வாக்குக் கொடுங்கள், அந்த அமைப்பால் ஓர் ஆளை வேலைக்கு வைக்க முடியும். நம் சங்கம் பொங்கல் விழாவுக்குச் சாமியானா, ஒலிபெருக்கி, அச்சு வேலை என்று செலவழிக்கிறதே, அதற்கு விலை கேட்கும்போது கறுப்பினத்தவர் அதிகம் வாழும் தென்மேற்குப் பகுதியிலும் இரண்டு பேரிடம் கேட்கலாம். தொண்டு அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரிக் கணக்கு இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்கு வருகிறேன், பொருளாளர் கையை ஏற்கெனவே தூக்கிவிட்டார்.