பழைய தழும்பும் அடுத்த பேறும்

நேயர்களுக்கு வணக்கம்.

"முதல் பிள்ளைய ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாவ டாக்டர். இதாவது சுகப்பிரசவமா வருமா?" நம்ம மாவட்டத்துக் கர்ப்பிணிகள் மெதுவாகக் கேட்கும் கேள்வி இது. நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நிற்கும் மாமியார் சொல்லிவிடுவார்: "ஒருக்கா கீறினா பொறவு எப்பவும் கீறத்தான் வேணும்."

அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. 1916-இல் எட்வின் கிராகின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். அன்று கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நெடுக்குவாட்டில் கீறினார்கள். அந்தத் தழும்பு பிரசவ வலியில் பிரிந்துபோகும் ஆபத்து அதிகம். இன்று பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுகிறோம். அப்படி ஒரே ஒரு தழும்பு உள்ளவர்கள் முயன்றால், 100 பேரில் 60 முதல் 80 பேருக்கு இயல்பாகவே பிள்ளை பிறக்கிறது. முன்பே ஒரு பிள்ளையை இயல்பாகப் பெற்றவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடும்.

ஆனால் வயிற்றுத் தோலில் தெரிகிற கோட்டை வைத்து, உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது அன்று கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம்தான். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகும் ஒரு பெண், அந்தக் காகிதத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தாள். குறுக்குக் கீறல், பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்ததால் ஆபரேஷன். இரண்டே வரிதான். இந்தத் தடவை பிள்ளையின் தலை கீழே இருந்தது. முதல் காரணம் திரும்ப வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கே மனசு லேசானது.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு வலியின்போது பிரியலாம். பிரிந்தால் நிமிடக் கணக்குதான்: தாய்க்கு ரத்தம் போகும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதனால் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், பிள்ளைகள் டாக்டர் எல்லாம் இரவிலும் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதற்கு முயல வேண்டும். பிள்ளையின் இதயத் துடிப்பை விடாமல் பார்க்க வேண்டும். அந்தத் தோட்டத்துப் பெண்ணிடம், 37 வாரம் ஆனதும் மலையிறங்கி நாகர்கோவிலில் சித்தி வீட்டில் வந்து தங்கச் சொன்னேன். வலி எடுத்த பிறகு அந்த வளைவுகளில் 108 வண்டிக்காகக் காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எல்லோருமே இதற்கு முயலலாம் என்றில்லை. நெடுக்குக் கீறல், முன்பு கர்ப்பப்பை பிரிந்தது, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மறைத்துக் கிடப்பது: இவர்களுக்கு ஆபரேஷன்தான். முந்தின பேறு முடிந்து ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த பேறு வந்தால் தழும்புக்குப் பலம் குறைவு. வலி தானாக வருவது நல்லது. வர வைக்கும் மருந்துகளில் சில தழும்புக்கு ஆகவே ஆகாது. இன்னும் பிள்ளைகள் வேண்டும் என்பவர்கள் ஒன்றையும் யோசியுங்கள்: ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும், அடுத்த பேறில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிப் பிடிக்கும் ஆபத்து ஏறும்.

முயன்று, கடைசியில் ஆபரேஷனில் முடிந்தவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். வீட்டார் தயவுசெய்து அந்தப் பெண்ணிடம் "முக்கத் தெரியல" என்று சொல்லாதீர்கள். அது அவள் குறை இல்லை.

காகிதம் தொலைந்தவர்கள், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய், தேதியும் பெயரும் சொல்லி, பதிவேட்டில் தேடித் தரச் சொல்லுங்கள். தேட நாளாகும். ஒன்பதாம் மாதம்வரை காத்திராமல், முதல் செக்கப்புக்கு வரும்போதே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.