கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது?

(தஞ்சையில் ஓர் ஒளிப்படக் கண்காட்சியின் தொடக்க நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்காக, ஒவ்வொரு சாதிக்கும் தொழிலுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணை இணையாக வரைந்து கொடுத்தார்கள். உடுப்பும் கருவியும் அவற்றில் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும்; நிற்பவர் இன்னார் என்பது மட்டும் இருக்காது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஆங்கிலேய அரசு வெளியிட்ட 'இந்திய மக்கள்' ஒளிப்படத் தொகுப்பும் மனிதர்களைப் பெரும்பாலும் மாதிரிகளாகவே நிறுத்தியது.

பேரிடர்ப் படங்களிலும் அந்த வாடை இன்னும் போகவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின், சாய்ந்த தென்னையருகே தலையில் கைவைத்து அமர்ந்த விவசாயியை நாம் நிறையப் பார்த்தோம். அது பொய்யன்று. ஆனால் அவரே பிறகு மரத்தை அறுக்க ஆள் தேடி அலைந்ததையும், அடுத்த மழைக்குக் குழியெடுத்துக் கன்று வைத்ததையும் படமாக்க அங்கே எத்தனை பேர் காத்திருந்தார்கள்?

இங்குள்ள படங்களில் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைப் படம். காவிரி வண்டலைக் குழைத்து அச்சு கட்டும் நால்வரும் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். கேமராவும் அவர்களுடைய கண்மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. விரலிடுக்கில் காய்ந்த மண்ணையும் அச்சின் விளிம்பை வழிக்கும் கட்டைவிரலையும் பார்த்து முடித்த பிறகே, சுவரோரம் சாய்த்திருக்கும் ஊன்றுகோல் தெரிகிறது. அது நால்வரில் யாருடையது என்று படம் சொல்லவில்லை. நின்றுகொண்டு மேலிருந்து எடுத்திருந்தால், ஊனம் முதலிலும் தொழில் பிறகும் கண்ணில் பட்டிருக்கும். இரக்கம் தேடும் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன என்பது என் கருத்து. படத்தின் கீழே நால்வரின் பெயரும் வேலையும் மட்டுமே உள்ளன.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. பட்டியல் நீண்ட அளவுக்குக் கட்டடங்கள் மாறவில்லை. சக்கர நாற்காலியில் வருவோரும் பார்க்கட்டும் என்று ஒளிப்படக் கலைஞர் படங்களைத் தாழ்வாக மாட்டியிருக்கிறார். இந்த அரங்கின் வாசலிலோ மூன்று படிகள் இருக்கின்றன, சாய்தளம் இல்லை. தச்சரை அழைத்து ஒரு பலகைச் சரிவை நாளைக் காலைக்குள் போட்டுத் தருமாறு அமைப்பாளர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.